சமயம் சாரா வாழ்வும் அயலார் அன்பும்

பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் நீங்கித் தில்லி போன்ற நகரங்களில் வாழும் நமக்குச் சமயம் என்பது வழிபாடு மட்டுமன்று, அது உறவுமாகும். ஐயப்பன் பூசைப் பாயசம், குருத்துவாரத்து லங்கர், ரம்சான் சேமியா, கிறிஸ்துமஸ் கேக் எனப் பல வாயில்கள் வழியே அயலார் அன்பு நம் இல்லம் வந்து சேர்கிறது. இச்சூழலில், எச்சமயத்தையும் ஏற்காத ஒருவர் தம் உள்ளத்திற்கும் அயலாருக்கும் ஒருசேர உண்மையாக வாழ இயலுமா?

சட்டம் அவருக்கு இடமளிக்கிறது. அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையைக் காக்கிறது. அமைச்சராகப் பதவியேற்போர் கடவுளின் பெயரால் ஆணையிடலாம். அன்றி, உளமார உறுதி கூறலாம். தமிழ் மரபும் இதற்குப் புதிதன்று. வஞ்சி மாநகரில் மணிமேகலை கேட்ட சமயவாதிகளுள் மறுமையை மறுத்த பூதவாதியும் ஒருவன். அவள் அவன் கொள்கையை ஏற்கவில்லை. ஆயினும் செவிமடுத்த பின்னரே மறுத்தாள்.

எனினும், சட்டமும் மரபும் எட்டாத இடம் ஒன்றுண்டு, அதுவே இல்லம்.

பிரசாதம் பெறுதல் கொள்கை துறத்தலாகாது என்பது எம் துணிபு. தருபவர் நீட்டுவது அன்பு. நம்பிக்கைக்குச் சான்று கேட்டு அவர் நிற்பதில்லை. "நம்புகிறேன்" என வாயால் கூறுமாறு வேண்டின், அப்போது பணிவுடன் மறுப்பதே வாய்மை.

ஈமக்கடன் இதனினும் கடினமானது. தமக்குச் சமயச் சடங்கு எதுவும் வேண்டா என 1954-இல் விருப்பாவணம் எழுதினார் நேரு. தம் சாம்பலில் ஒரு பிடியைக் கங்கையில் இடுமாறு அவர் வேண்டியதும் சமயம் கருதியன்று. அந்நதியின்பால் இளமை முதல் கொண்ட பற்றினால். ஆயினும், 1964-இல் அவர் மறைந்தபோது சடங்குகள் நடைபெற்றன. நாடாண்டவர் சொல்லே நில்லாதாயின், எளியவர் சொல் எவ்வாறு நிற்கும்?

இது முறையன்று என்போமாயின், அதே அளவுகோல் நம்மீதும் பாயும். தம் இறுதிக் கடனை முறைப்படி செய்யுமாறு தாய் வேண்டியிருப்பின், நம்பாத மகனும் அதைச் செய்தல் தகும். அங்கே நிறைவேறுவது அன்னையின் நம்பிக்கை, மகனின் பொய்யன்று. அவ்வாறே, சடங்கு வேண்டா என்ற தந்தைக்குச் சடங்கின்றி விடைகொடுத்தல் நம்பும் மக்களின் கடன்.

ஆதலின் இவற்றை இறுதிநாள் வரை ஒத்திப்போடாமல், உண்டு மகிழ்ந்திருக்கும் வேளையிலேயே குடும்பத்தார் கூடிப் பேசி வைத்தல் நன்று. ஏடு பெட்டிக்குள் உறங்கிவிடலாம். பலர் செவிமடுத்த சொல் எளிதில் உறங்குவதில்லை.