அண்டை நிறம்

பூவின் அழகு பூவில் இருக்கிறதா, பார்ப்பவர் கண்ணில் இருக்கிறதா? தத்துவத்தில் இது பழைய வழக்கு. விதைத்த ஆண்டிலேயே பூத்து முடிந்துவிடும் செடிகளைக் கலந்து நட்ட ஒரு பாத்தி, இரு தரப்பும் முழுச் சரியில்லை என்று காட்டுகிறது. காரணத்தை ஒரு நெசவுக்கூடத்தில் தேடலாம். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824 முதல் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் வேதியியலாளர் ஷெவ்ரல். நீல, ஊதா மடிப்புகளில் நிழல் காட்ட நெய்த கறுப்பு நூல் சோகையாகத் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் குறையில்லை. பக்கத்து நீலமே கறுப்பின் வலுவைக் குறைத்திருந்தது. அடுத்தடுத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற விதியை 1839இல் நூலாக்கிய அவர், அதில் பூந்தோட்டத்தையும் சேர்த்தார். ஆரஞ்சுக்கு நீலத்தையும் மஞ்சளுக்கு ஊதாவையும் துணையாக்கச் சொன்னார். இளஞ்சிவப்பைக் கடுஞ்சிவப்பிலிருந்து விலக்கச் சொன்னார். ஆரஞ்சுச் செண்டுமல்லியின் காலடியில் நீல லொபீலியா பூத்தால் இரண்டும் எடுப்பாகத் தெரியும். செக்கச்செவேலென்ற சால்வியாவை ஒட்டி நின்றால் இளஞ்சிவப்புப் பெட்டூனியா வெளிறிவிடும்.

அப்படியானால் இது கானல்நீர் போன்ற மயக்கம்தானே, இதில் என்ன உண்மை என்று கேட்கலாம். விதி தெரிந்த பின்னும் பெட்டூனியா வெளிறியே தெரிகிறது. தெரிந்த பின்னும் கானல் மறைவதில்லை. ஒப்புமை அத்தோடு நின்றுவிடுகிறது. கானல் தண்ணீரைக் காட்டி, போய்ப் பார்த்தால் கைவிரிக்கிறது. பாத்தியோ தோற்றத்துக்கு அப்பால் எதையும் தருவதாகச் சொல்வதில்லை. தோற்றம் என்ற அளவில் அது யாரையும் ஏமாற்றவில்லை. நிறம் சாதாரணமாகத் தெரியும் எந்தக் கண்ணுக்கும் மாற்றம் ஒரே திசையில்தான் நிகழ்கிறது. ஆகவே அதைத் தனிமனித ரசனை என்றும் ஒதுக்க முடியாது; ரசனை வேறுபடுவது, அந்த மாற்றம் பிடித்திருக்கிறதா என்பதில் மட்டுமே.

இன்னொரு மறுப்பு கனமானது. பூ நிறம் கொண்டது மகரந்தம் சுமக்கும் பூச்சிகளுக்காக; மனிதர் காணும் அழகு தற்செயல் என்பது அது. சூரியகாந்தி இதழ்களின் அடிப்பகுதி புறஊதா ஒளியை உறிஞ்சுகிறது. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இதழ்வட்டத்தில் தேனீ உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் பிரித்தறிகிறது. ஆனால் அந்த வளையமும்கூட, பூவும் தேனீக்கண்ணும் சேர்ந்த இடத்தில்தானே உருவாகிறது? தேனீயின் காட்சியை அசல் என்றும் நம்முடையதை நகல் என்றும் பிரிக்க இடமில்லை. எந்தக் கண்ணையும் சாராத அசல் நிறம் எதுவென்று காட்ட வேண்டிய பொறுப்பு மறுப்பவருடையது. அதுவரை, பூவின் அழகு ஒளி, அண்டை, கண் மூன்றும் கூடிப் பெறுவது என்பதே ஏற்கத்தக்க விடை. கூடிப் பெற்றது என்பதற்காக ஒரு குணம் பொய்யாகிவிடுவதில்லை.