ஓய்ந்த கருவியும் ஓயாத வினையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் சார்ந்த விதிகள், செய்து 50 ஆண்டுகள் கடந்தும் பழைய வடிவம் மாறாமல் இருக்கும் துப்பாக்கிகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றைச் சேர்ப்போருக்கென்றே தனி உரிமமும் வகுத்திருக்கின்றன. அவ்வகைக்கு அவ்விதிகள் இட்ட பெயரில் உள்ள இரண்டு சொற்களுள் ஒன்றாகிய 'ரெலிக்' (relic), கத்தோலிக்க வழக்கில் திருப்பண்டத்தைக் குறிப்பது. புனிதர் ஒருவரின் எலும்பும், அவர் உடுத்த துணியும், அவற்றைத் தொட்டெடுத்த பொருளும் திருப்பண்டம் எனப்படும். விதி எழுதியவர்கள் 'பழங்காலத்து எச்சம்' என்ற எளிய பொருளிலேயே அச்சொல்லைக் கையாண்டிருப்பார்கள் என்றாலும், சேர்ப்பவர்களின் மனப்போக்கை அது அவர்கள் எண்ணியதைவிடத் துல்லியமாகச் சுட்டிவிட்டது. கொல்வதற்கென்றே செய்யப்பட்ட கருவி கொல்வதை நிறுத்திய பிறகு என்னவாகிறது என்று கேட்டால், அது வரலாற்றுச் சான்று, தொழில்நுட்பத்தின் நினைவு, எஃகிலும் மரத்திலும் அமைந்த கைவினை என்றே சேர்ப்பவர் விடை சொல்வார். அது இனிக் கருவியன்று என்பதே அவ்விடையின் உட்கிடை. இவ்விடை உண்மைதானா என்பதே இங்கு எழும் கேள்வி. அதை ஆராய்வதற்கு அவர்களுடைய சொல்லைவிட, அவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள் என்பதே நல்ல அளவுகோல்.

ஜப்பானியப் படையின் அரிசாகா துப்பாக்கியை எடுத்துக்கொள்ளலாம். மெய்ஜி ஆட்சியின் 38ஆம் ஆண்டாகிய 1905இன் பெயரால் வழங்கும் 38ஆம் வகையிலும், அரசமரபுக் கணக்கின் 2599ஆம் ஆண்டாகிய 1939இன் பெயரால் வழங்கும் 99ஆம் வகையிலும், தோட்டா நுழையும் அறையைத் தாங்கும் எஃகுக் கூட்டின் தலையில், கட்டைவிரல் நகமளவில் பதினாறு இதழ்ச் செவ்வந்திப் பூ பொறிக்கப்பட்டிருக்கும். அது பேரரசரின் முத்திரை; அத்துப்பாக்கி அவருடையது, ஏந்தியவன் அதைத் தாங்கி நிற்பவன் மட்டுமே என்பது அதன் பொருள். 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளுள் பெருந்தொகையானவற்றில் அந்தப் பூ அரம் கொண்டோ அரைசக்கரம் கொண்டோ தேய்த்து அழிக்கப்பட்டது. இன்று அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், கருநீல மெருகின் நடுவே வெள்ளையாகக் கீறிய ஒரு வடுவும், சில இடங்களில் அழியாது தப்பிய இரண்டொரு இதழ் நுனிகளும் தென்படும். தேய்க்கப்பட்டது தோற்றவர் கைவிட்டுக் கொடுத்தது. பூ முழுதாய் இருப்பதோ போர்க்களத்தில், பெரும்பாலும் இறந்தவன் அருகிலிருந்து, எடுக்கப்பட்டிருக்கக் கூடியது. இப்படித்தான் சேர்ப்பவர்கள் வழக்கமாகக் கொள்கிறார்கள். பின்னதற்கே அவர்களிடம் விலை அதிகம். அழகுக்கான விலை என்று இதைச் சொல்ல முடியாது, ஏனெனில் எஃகின் தரமும் மரத்தின் தரமும் இரண்டிலும் ஒன்றே. வாங்கப்படுவது அந்த முத்திரையும், அது பட்டிருக்கக் கூடிய கைகளும்தான். திருப்பண்டத்தை வணங்குபவனும் இதைத்தான் நாடுகிறான்.

இதனினும் தெளிவான சான்று வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்டவற்றின் கதி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மலிவாகக் கிடைத்த படைத் துப்பாக்கிகளை வாங்கிய அமெரிக்கரும் ஆஸ்திரேலியரும், முன்கட்டையை அறுத்து, குழலைக் குறுக்கி, புதிய மெருகேற்றி, மான் வேட்டைக்கு ஏற்றவையாக்கிக்கொண்டார்கள். இன்றைய சேர்ப்பவர் கண்ணில் அவை 'கெடுக்கப்பட்டவை'. மனிதனைச் சுடச் செய்தது மனிதனைச் சுடச் செய்தபடியே இருந்தால் தூயது, மானைச் சுடத் திருத்தப்பட்டால் மாசுற்றது என்ற இந்தத் தரவரிசையை வகுத்தவர்கள் அதிலுள்ள விந்தையைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தூய்மை பற்றிய இக்கொள்கை வரிசை எண்களில் உச்சத்தை அடைகிறது. 1908இல் ஜெர்மானியத் தரைப்படை ஏற்றுக்கொண்ட லூகர் கைத்துப்பாக்கியின் சிறு பாகங்கள் பலவற்றிலும், முழு வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் தனித்தனியே பொறிக்கப்பட்டிருக்கும். அவை எல்லாம் ஒத்துவந்தால் அது 'எண் பொருந்தியது', ஒரு சிறு ஊசி மாறியிருந்தாலும் மதிப்பு இறங்கிவிடும். (அதற்குரிய தோட்டாவின் பெயரான 'பாராபெல்லம்', அமைதி வேண்டுவோர் போருக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்னும் இலத்தீன் முதுமொழியிலிருந்து வந்தது, போர்க்கருவிக்கு ஓர் அறவாக்கியத்தைப் பெயராக வைத்ததில் அக்காலத்தின் தன்னம்பிக்கை தெரிகிறது.) மாறாக, சோவியத் படை கைப்பற்றிய ஜெர்மானிய மாவுசர் துப்பாக்கிகள் கிடங்குகளில் பிரித்துத் துடைக்கப்பட்டு, எந்தப் பாகம் எதனுடையது என்று பாராமல் மீண்டும் கோக்கப்பட்டன, பிறகு போல்ட்டின் மேல், அதாவது தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் உருளையின் மேல், மின்முனையால் புதிய எண் கீறப்பட்டது. எண் பொருந்துகிறது, ஆனால் பொருத்தப்பட்ட பொருத்தம் அது.

பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹத்தில் நாகசேனர் மிலிந்த அரசனிடம், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது பாகங்களின் கூட்டுக்கு வழங்கும் பெயர் மட்டுமே என்ற முடிவுக்கு அவனை இட்டுச் செல்கிறார். எண் பொருந்தியதைத் தேடுபவர் இம்முடிவை மறுப்பவர். பாகங்களுக்கு அப்பால், தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் அக்கருவிக்குள் புகுந்த ஒரு தன்மை உண்டென்றும், பாகம் மாறினால் அது வெளியேறிவிடும் என்றும் நம்புபவர். பௌத்தர் மறுத்த ஆன்மாவை அவர் துப்பாக்கிக்கு வழங்கிவிடுகிறார் என்று சொன்னால் அது மிகையாகாது. அப்படி ஓர் ஆன்மா இருக்குமானால், அது செய்த வினைகளும் அதனோடு இருக்கத்தானே வேண்டும்?

இங்கே தமிழ் மரபுக்குள் ஒன்றோடொன்று முரணும் இரண்டு குரல்கள் இக்கேள்விக்கு நேராக விடை தருகின்றன. முதலாவது புறநானூற்றின் 95ஆம் பாட்டு. அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமான் காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியதாக அதன் துறைக்குறிப்பு கூறுகிறது. பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் கிடக்கும் வேல்களையும், நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் எதிரெதிரே நிறுத்தி, புகழ்வது போலப் பழிக்கிறார் அவர். அவருடைய அறத்தில் கருவியின் மதிப்பு அது தேய்வதில் இருக்கிறது. எண்ணெய் பூசிக் கண்ணாடிப் பேழையில் வைக்கப்பட்ட ஆயுதம் தன் கடமையைச் செய்யாத ஆயுதம். இன்றைய சேர்ப்பவரை இந்தப் பாட்டின் முன் நிறுத்தினால் அவர் தொண்டைமானாகவும் அதியமானாகவும் ஒரே நேரத்தில் இருக்க விரும்புவது புலப்படும்: நெய் பூசிய மெருகும் வேண்டும், பிறர் போரில் தேய்த்த தேய்மானமும் வேண்டும்.

இரண்டாவது குரல் சமணருடையது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு, இல்லறத்தார்க்குரிய நோன்புகளை விளக்குகையில், பயனின்றித் தீங்கு விளைக்கும் செயல்களாகிய அனர்த்த தண்டத்திலிருந்து விலகுவதையும் ஒரு நோன்பாகக் கொள்கிறது. கொலைக்குரிய கருவிகளைப் பிறர்க்குக் கொடுப்பது அத்தண்டத்தின் வகைகளுள் ஒன்று. பௌத்தம் இல்லறத்தார்க்கு விலக்கிய ஐந்து வாணிகங்களுள் முதலாவது ஆயுத வாணிகம் என்பதும் இதற்கு இயைந்ததே. ஆனால் வாணிகம், கொடை என்ற இரண்டையும் செய்யாமல், வாங்கிப் பூட்டி வைப்பவர் இவ்விரு விலக்கினுள்ளும் எளிதில் அகப்படமாட்டார். அவருக்கு நெருக்கமாக வந்து நிற்பது, தமிழ்ச் சமணர் ஏற்காத சுவேதாம்பர மரபின் பகவதி சூத்திரம் செய்யும் ஒரு பாகுபாடு. அதிகரணம் என்பது வினை ஓடிவந்து சேர்வதற்கு இடமாகும் கருவி. அக்கருவியைச் சார்ந்த செயலை இந்நூல், புதிதாக ஆயுதம் செய்தல் என்றும், செய்து கிடக்கும் பாகங்களை ஒன்றோடொன்று கூட்டுதல் என்றும் இரண்டாகப் பிரிக்கிறது. பின்னதற்குச் சம்யோஜனம் என்று பெயர்.

சேர்ப்பவரின் மகிழ்ச்சியை இச்சொல்லைவிட நெருங்கிப் பிடித்த சொல் வேறில்லை. தடித்த மெழுகு போன்ற காஸ்மோலின் பசையில் பல்லாண்டுகள் உறங்கிய மோசின்-நாகாந்த் துப்பாக்கி ஒன்றை வெந்நீரில் கழுவி, மரத்தின் நாரிடுக்கில் ஊறிய பழுப்பைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, தொலைந்துபோன ஒரு திருகாணியையோ தோல்வாரையோ ஆண்டுக்கணக்கில் தேடிக் கண்டு, அது சரியான இடத்தில் சென்று அமரும் கணத்தில் அவர் அடைவது வேட்கை தீர்ந்த நிறைவு. அவர் யாரையும் சுடவில்லை, சுட எண்ணவும் இல்லை; எனினும் முழுமையற்றுக் கிடந்ததைச் சுடத்தக்கதாக முழுமையாக்கியிருக்கிறார். நோக்கமே வினையைத் தீர்மானிக்கும் என்று வாதிடுவோர்க்கு இது குற்றமே ஆகாது. சமணரும் நோக்கத்தைக் கணக்கில் கொள்பவர்களே, ஆனால் நோக்கம் ஒன்றே கணக்கு என்று கொள்பவர்களல்லர்.

பகவதி சூத்திரம் வில்லைப் பற்றிச் சொல்லும் மற்றொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. வில்லெடுத்து அம்பெய்தவனை உடற்செயல் முதல் உயிர்பறித்தல் வரையான ஐவகை வினைகள் பற்றுகின்றன. அத்தோடு நில்லாமல், எந்த உயிர்களின் உடல்களால் அந்த வில்லும் நாணும் அம்பும் ஆயினவோ அவ்வுயிர்களையும் அவை பற்றுகின்றன. கேட்ட மாத்திரத்தில் அநீதியாகத் தோன்றும் இக்கருத்தைப் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கியோடு வைத்துப் பார்த்தால் அதன் ஆழம் ஓரளவு விளங்கும். 1907இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் வகையில், குழலின் முனைவரை மூடிச் செல்லும் கட்டை பெரும்பாலும் வால்நட் மரத்தாலானது. பின்கட்டையில் பதித்த பித்தளை வில்லையில் அது எந்தப் படைப்பிரிவுக்கு உரியது என்று குறிக்கும் வழக்கம் முதலில் இருந்து, முதல் உலகப்போரின் நடுவில் கைவிடப்பட்டது. கைப்பிடியின் மேலுள்ள எஃகுப் பட்டையில் மகுடமும் அரசரின் பெயரெழுத்தும் ஆண்டும் இருக்கும். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் 50 படைவீரர்கள் 1650 தோட்டாக்களைச் சுட்டதும், அரசுக் கணக்கின்படியே 379 பேர் இறந்ததும் இவ்வகை .303 துப்பாக்கிகளால்தான். அந்த ஐம்பதில் ஒன்று இன்று எவருடைய பேழையிலேனும் இருந்தால், அதன் மேலுள்ள மகுடமும் ஆண்டும் அதைச் சொல்லா, உரிமையாளரும் அறியார். எஃகு யாருடையது என்பதைச் சொல்லும், யாரைச் சுட்டது என்பதைச் சொல்லாது. சேர்ப்பவர் 'வரலாறு' என்று போற்றுவது முதற்பாதியை மட்டும் பதிந்துவைத்த ஆவணத்தை. மரத்தின் உயிருக்கும் பங்குண்டு என்ற சமணக் கணக்கு மிகையானதாகவே இருக்கலாம். ஆயினும் பொறிக்கப்படாத இரண்டாம் பாதியையும் பொருளோடு சேர்த்தே எண்ணிய கணக்கு அது ஒன்றுதான்.

இதற்கு எதிராக எழும் வலுவான வாதம் அருங்காட்சியகத்தைச் சுட்டுவது. கருவிகளை எல்லாம் உருக்கிவிட்டால் போரை அறிய வழியில்லை, சேர்ப்பவர்களின் பொறுமையான அறிவு இல்லாவிட்டால் இந்த முத்திரைகளின் பொருளும் நமக்குத் தெரிந்திராது என்பது மறுக்க முடியாதது. மேலே சொன்னவற்றுள் பலவும் அவர்கள் சேர்த்த அறிவே. ஆனால் இவ்வாதம் முழுதும் உண்மையானால், சுட முடியாதபடி ஆக்கப்பட்ட துப்பாக்கியும் அவர்களுக்கு அதே அளவு உவப்பாக இருக்க வேண்டும். ஆவணத்துக்கு வெடிக்கும் ஆற்றல் தேவையில்லை.

பிரிட்டனில் இதற்கான சோதனை நடந்தேறியிருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் முதலில் இருந்த விதிப்படி, குழலில் நெடுக வெட்டி, போல்ட்டின் முகத்தைச் சாய்வாக அரைத்து, இலண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைக் கூடத்தின் முத்திரையும் சான்றிதழும் பெற்ற துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே அன்று. அதை உரிமமின்றிச் சுவரில் மாட்டலாம். எண்கள், மகுடம், மரத்தின் கீறல்கள், பித்தளை வில்லை எல்லாம் இருந்தபடியே இருக்கின்றன. பிந்தைய விதிகள் கடுமையாகி அசையும் பாகங்களைப் பற்றவைத்து இறுக்கச் சொன்னபின், சேர்ப்பவர்கள் அப்படி இறுக்கப்பட்ட துப்பாக்கிகளை ஒதுக்கிவிட்டு, முந்தைய விதிப்படி செயலிழந்தவற்றைக் கூடுதல் விலைக்குத் தேடத் தொடங்கினார்கள். அவற்றில் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளலாம், விசையை அழுத்தினால் வெறும் அறைக்குள் ஊசி சென்று விழும் ஓசை கேட்கும்.