தொற்காவின் உடைகளும் சீமோனின் வீடும்



பாஸ்கா காலம் மூன்றாம் வாரச் சனிக்கிழமையான இன்று, திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து வந்த முதல் வாசகம் நம்மை யோப்பா துறைமுகத்தில் ஒரு சாவு வீட்டுக்குக் கூட்டிப்போனது. தொற்கா என்றும் தபித்தா என்றும் அழைக்கப்பட்ட அம்மா இறந்துவிட்டார். உடலைக் குளிப்பாட்டி மாடி அறையில் கிடத்தியிருக்கிறார்கள். பேதுரு உள்ளே வந்ததும் கைம்பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுகிறார்கள். அழுதுகொண்டே, அந்த அம்மா தைத்துக் கொடுத்த உடைகளை எடுத்துக் காட்டுகிறார்கள். தொற்கா பேசிய ஒரு வார்த்தையைக்கூட லூக்கா எழுதிவைக்கவில்லை. அவர் தைத்த துணிகள்தான் அவருக்காகப் பேசுகின்றன.

வாசகம் 42-ஆம் வசனத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் அடுத்த வசனத்தைப் படியுங்கள். பேதுரு அந்த ஊரிலேயே பல நாள் தங்கினார் என்று இருக்கும். யார் வீட்டில்? தோல் பதனிடும் சீமோன் வீட்டில். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் தோல் வேலைக்காகக் கம்பெனி பஸ் ஏறப் போகிற நீங்கள் இந்த வசனத்தைத் தாண்டிப் போகக் கூடாது. யூதரின் மரபுச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊரைவிட்டு ஐம்பது முழம் தள்ளி, அதுவும் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறது. கணவர் தோல் வேலை செய்கிறார் என்பதையே காரணமாகக் காட்டி மனைவி மணவிலக்குக் கேட்கலாம் என்றும் அதில் இருக்கிறது. அப்படி ஊர் ஒதுக்கிய ஒருவர் வீட்டில்தான் திருத்தூதர்களின் தலைவர் போய்ப் பாய் விரித்துப் படுத்தார். அந்த வீட்டு மொட்டைமாடியில் வேண்டிக்கொண்டிருந்தபோதுதான், பெரிய விரிப்பு ஒன்று நான்கு முனையும் பிடித்து வானத்திலிருந்து இறக்கப்படுவதைக் கண்டார். எந்த மனிதரையும் தீட்டு என்று சொல்லக் கூடாது என்ற பாடம் அவருக்கு அங்கேதான் கிடைத்தது.

இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு இன்று பழைய துணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அடுத்தவர் உடுத்தியதை வாங்கி உடுத்துகிறவர்களைப் பற்றி.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு அங்கே நடக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை தெரியும். சென்னையில் பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் பழைய பொருள் சந்தை கூடுகிறது. தரையில் விரித்த தார்ப்பாயில் சட்டையும் ஜீன்ஸும் குவிந்து கிடக்கும். அங்கே வாங்க வந்த ஒரு பெண்ணைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். காலரைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார். அக்குள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். ஜிப்பை ஏற்றி இறக்குவார். துணியை வெயிலுக்கு நேரே பிடித்து எங்கே நைந்திருக்கிறது என்று தேடுவார். அதற்குப் பிறகுதான் விலை கேட்பார். கட்டுப்படியாகவில்லை என்றால் போட்டுவிட்டு அடுத்த விரிப்புக்கு நகர்ந்துவிடுவார். அவர் கையில் பணம் குறைவாக இருக்கலாம். ஆனால் ‘இது வேண்டாம்’ என்று சொல்ல அவரால் முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்னொரு கூட்டமும் பழையதைத் தேடி வருகிறது. நன்றாகப் படித்து, நல்ல சம்பளம் வாங்கும் இளையவர்கள். இன்ஸ்டாகிராமில் ‘திரிஃப்ட்’, ‘விண்டேஜ்’ என்று தேடி, முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய தோல் ஜாக்கெட்டுக்குப் புதியதைவிடக் கூடுதலாகக்கூடக் கொடுக்கிறார்கள். பாட்டியின் பட்டுப்புடவையைக் கல்லூரி விழாவுக்கு ஆசையாகக் கட்டிக்கொண்டு போகிறார்கள். இது பணக்காரர் பொழுதுபோக்கு என்று சிலர் முணுமுணுக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை, உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு நம் முன்னோர் பதனிட்ட ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் இன்று புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்த மாதிரித் தோல் பல வருடம் உழைக்கும். அதைச் சுரண்டி, ஊறவைத்து, காயப்போட்ட கைகளின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு பிள்ளை அதைத் தடவிப் பார்த்து, ‘எவ்வளவு நல்ல வேலைப்பாடு’ என்று சொன்னால், யோப்பாவின் கைம்பெண்கள் செய்ததைத்தான் அந்தப் பிள்ளையும் செய்கிறது.

நம் பாலாற்றுக்கும் இதில் பங்கு உண்டு. புதிதாக ஒன்றைச் செய்ய ஆறும் நிலத்தடி நீரும் என்ன விலை கொடுக்கின்றன என்று இந்தப் பகுதி மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடி பேச வேண்டியிருந்தது. தூக்கியெறியும் பழக்கம் பூமியையும் ஏழைகளையும் ஒன்றாகவே காயப்படுத்துகிறது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ல் ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் எச்சரித்தார். ஒரு சட்டையை இரண்டு பேர் உடுத்தித் தீர்த்தால் ஆற்றுக்கு அந்த அளவு பாரம் குறையும்.

ஆனாலும், பழைய துணி என்றதும் நம்மில் பலர் முகம் சுருங்குகிறது. யார் போட்டதோ, செத்தவர் துணியோ என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதை ஆணவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பாட்டன் பாட்டிகளில் எத்தனையோ பேர் பண்ணை வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று, தூக்கிப் போட்ட பழைய வேட்டியைக் குனிந்து எடுத்தவர்கள். 1930-ல் இராமநாதபுரம் சீமையில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது ஆதிக்கச் சாதியினர் விதித்த தடைகளில், ஆண்கள் சட்டையோ பனியனோ போடக் கூடாது என்பதும் ஒன்று. அந்த வாசலில் பழைய துணி என்பது வெறும் துணி இல்லை, உன் இடம் இதுதான் என்று காட்டிய அடையாளம். அதனால் ‘எங்களுக்கு யார் போட்டதும் வேண்டாம், கடன் வாங்கியாவது புதுசு எடுப்போம்’ என்று ஒரு தகப்பன் சொன்னால், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காயத்தைப் பார்க்காமல் சிக்கனத்தைப் பற்றி மட்டும் பேசும் பிரசங்கம் நேர்மையானது ஆகாது.

துணி கொடுக்கும் விதத்தில் உயிரே போய்விடும் என்பதை நாம் பக்கத்திலேயே பார்த்தோம். 2023 பிப்ரவரி 4, தைப்பூசத்துக்கு முந்தைய நாள். வாணியம்பாடியில் இலவச வேட்டி சேலைக்கு டோக்கன் கொடுக்கிறார்கள் என்று கூட்டம் கூடியது. நெரிசலில் சிக்கி நான்கு பெண்கள் இறந்துபோனார்கள். வயதானவர்கள். அவர்கள் உயிர் போனது சேலைக்காகக்கூட இல்லை, சேலைக்கான ஒரு சீட்டுக்காக. அவர்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று கடவுள் கேட்டிருக்க மாட்டார். இன்றைய பலியில் அவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

கொடுப்பவர் மனம் நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. அனுப்பியவர்கள் இரக்கத்தோடுதான் அனுப்பினார்கள். ஆனால் கிழிசலும் அழுக்குமாக, அந்த மக்கள் உடுத்தவே முடியாததாக வந்து, பெரும்பகுதி சாலையோரத்தில் கேட்பாரற்றுக் கிடந்தது. வீட்டையும் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்த மீனவர்கள் அந்தக் குவியலைக் கிளற மறுத்தார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எரேமியாவின் நூலில் 38-ஆம் அதிகாரத்தில் இதற்கு நேர்மாறான ஒருவரைப் பார்க்கிறோம். இறைவாக்கினரைச் சேறு நிறைந்த பாழுங்கிணற்றில் இறக்கிவிட்டார்கள். எபேது மெலேக்கு என்ற அந்நியர் அவரைக் காப்பாற்ற வருகிறார். கயிறு எடுத்துக்கொண்டார், ஆள் கூட்டிக்கொண்டார். அதோடு அரண்மனைக் கருவூலத்துக்குக் கீழே இருந்த அறைக்குப் போய்க் கந்தைகளையும் பழைய துணிகளையும் எடுத்துவந்து, கயிற்றில் கட்டி இறக்குகிறார். அக்குளில் வைத்துக்கொண்டு அதன்மேல் கயிற்றைப் போடுங்கள் என்கிறார். கயிறு சதையை அறுக்கும் என்று யோசித்திருக்கிறார். உள்ளே கிடப்பவரின் உடம்பைத் தன் உடம்பாக நினைத்தவருக்குத்தான் இப்படித் தோன்றும்.

டெல்லியில் அன்ஷு குப்தா 1999-ல் தொடங்கிய கூஞ்ச் அமைப்பு இந்த யோசனையை ஒரு முறையாகவே ஆக்கியிருக்கிறது. கிராமத்தார் தங்கள் கிணற்றையோ பாதையையோ தாங்களே சரிசெய்கிறார்கள். அந்த உழைப்புக்கு ஈடாகத் துணி பெறுகிறார்கள். அங்கே யாரும் கையேந்தவில்லை. 2015-ல் அன்ஷு குப்தாவுக்கு மகசேசே விருது கிடைத்தது.

ஆகவே நம் பங்கில் ஒன்று செய்யப் போகிறோம். மறைக்கல்வி அறையைப் பழைய துணிக் கடையாக மாற்றுகிறோம். வழங்கும் விழா கிடையாது, மேடை கிடையாது, டோக்கன் கிடையாது, கொடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கவும் மாட்டோம். ஒவ்வொரு துணியிலும் விலை எழுதியிருக்கும்: பத்து ரூபாய், இருபது ரூபாய், நல்ல புடவை என்றால் ஐம்பது. சுவரில் ஒரு கண்ணாடி, போட்டுப் பார்க்க ஒரு திரை மறைப்பு. பிடிக்காததைத் திருப்பி மாட்டிவிட்டு யாரும் வெறுங்கையோடு போகலாம். வரும் பணம் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்குப் போகும்.

கொண்டுவருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். துவைத்து, தேய்த்து, மடித்துக் கொண்டுவாருங்கள். பட்டன் போயிருந்தால் தைத்துவிடுங்கள். புடவையில் பால்ஸ் பிரிந்திருந்தால் அடித்துவிடுங்கள். உங்கள் மகளுக்கு உடுத்தக் கொடுக்க மாட்டீர்கள் என்றால் அது தரை துடைக்கத்தான், வீட்டிலேயே இருக்கட்டும்.

வாங்குவதிலும் ஒரு வேண்டுகோள் உண்டு, இதுதான் எனக்கு மிக முக்கியம். பங்குப் பேரவை உறுப்பினர் குடும்பங்களும் ஆசிரியர்களும் சூப்பர்வைசர்களும் வந்து வாங்க வேண்டும். இல்லாதவர்கள் மட்டும் உள்ளே நுழைந்தால் அந்த அறை மறுபடியும் பண்ணை வீட்டு வாசலாகிவிடும். ஆசிரியரின் மகளும் லேபர் வேலைக்குப் போகிறவரின் மகளும் ஒரே சுடிதாருக்கு ஆசைப்பட்டு நிற்கட்டும். யார் முதலில் எடுத்தாரோ அவருக்கு. நானும் இரண்டு சட்டை அங்கேதான் எடுக்கப் போகிறேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் சீருடைகள் வந்து சேர வேண்டும். தையல் தெரிந்த சகோதரிகள் திருப்பலி முடிந்ததும் பெயர் கொடுங்கள், இரண்டு மெஷின் போடலாம் என்று இருக்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர்கள் சாயங்காலம் வந்து சொன்னாலும் போதும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காகவே அறை இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.