அரிவாளுக்கு உறவுமுறை உண்டோ?

மேற்கே மலை, அதன் அடிவாரத்திலே வயல், வயலை அடுத்துக் கரும்பும் எலுமிச்சையும். சிவகிரி வட்டாரத்துச் சிற்றூர்களிலே அந்தி சாயும் வேளையிலே நடந்து பாருங்கள். உழைத்துத் திரும்பியவர் தம் வீட்டு இறவாணத்திலே அரிவாளைச் செருகி வைத்திருக்கக் காண்பீர்கள். கதிர் அறுத்த கருவி அது. கஞ்சிக்கு வழிசெய்த கருவி. அதைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை.

அதே அரிவாளைத் தெருவிலே ஒருவன் மற்றவன்மீது ஓங்கினால், ஊர் கூடுகிறது, காவலர் வருகின்றனர், கொலைவெறி என்கின்றனர். வாயிற்படி தாண்டி உள்ளே சென்று மனைவிமீது ஓங்கினாலோ? "புருசன் பெண்டாட்டி சண்டை, நமக்கேன் வம்பு?" என்று கதவைச் சாத்திக் கொள்கிறது அதே ஊர்! தெருவிலே ஆயுதமாக இருந்தது, வீட்டிலே விளையாட்டுப் பொருளாகிவிடுகிறதா? அரிவாளுக்கு உறவுமுறை தெரியுமா? கேட்கிறோம்.

சிவகிரியைக் குறை கூற அல்ல இதைச் சொல்வது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டிலே மணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்றது. இந்தியா முழுமைக்கும் அந்த எண் 29. தமிழகம் தலைநிமிர்ந்து காட்டக்கூடிய கணக்கா இது?

சட்டம் இல்லையா? இருக்கிறது. வெட்டவும் குத்தவும் சுடவும் ஆன கருவிகளையும், தாக்கப் பயன்படுத்தினால் உயிர் குடிக்கக்கூடிய எப்பொருளையும், நெருப்பையும் ஒரே வரிசையிலே வைத்தது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதனிடத்திலே வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. ஆயுதத்தால் காயப்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை. கொடுங்காயமானால் குறைந்தது 1 ஆண்டு, கூடினால் 10 ஆண்டு, அல்லது ஆயுள். "கணவன் நீங்கலாக" என்றொரு சொல் அந்தப் பிரிவிலே எங்கும் இல்லை! உலக்கையும் ஆயுதமாகும், கொதிக்கும் எண்ணெயும் ஆயுதமாகும். ஓங்கியவன் யார் என்று சட்டம் கேட்கவில்லை. ஓங்கியது எது, விளைந்தது என்ன என்றே கேட்கிறது.

ஆனால் ஏட்டிலே கூர்மையாக இருக்கும் சட்டம் எங்கே மழுங்குகிறது? புகார் எழுதும் மேசையிலே! "அரிவாளால் வெட்டினார்" என்பது "கையால் தாக்கினார்" என்று மாற்றப்படுமானால், ஒரு சொல்தான் மாறியது என்று எண்ணாதீர்கள். வழக்கே மாறிவிட்டது! சாதாரணக் காயத்துக்கு உச்ச தண்டனை 1 ஆண்டு. நடுவரின் ஆணையின்றிக் காவலர் புலனாய்வு செய்ய இயலாது. காயம்பட்டவரே சமரசம் செய்து முடித்துவிடலாம். ஆயுதம் ஏட்டிலிருந்து மறைந்தது; வீட்டிலிருந்து மறைந்ததா?

மாற்றச் சொல்பவர் எல்லோரும் பகைவரும் அல்லர். பெற்ற தாயே சொல்வாள்: "பிள்ளைகளை எண்ணிப் பார். அவன் உள்ளே போனால் உலை வைப்பது யார்? அடிக்கிற கைதான் அணைக்கும்." ஏளனம் செய்து தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது. காணி நிலமும் தன் பெயரில் இல்லாதவளுக்கு, கணவனின் கூலியே கஞ்சி. இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது: வெட்டுப்பட்டவளே மன்னிக்கிறேன் என்றபின், தடுக்கச் சட்டம் யார்?

நாம் சொல்வோம்: மன்னிப்பது அவள் உரிமை. ஆனால், மறுக்கும் வழி உள்ளவர் தருவதே மன்னிப்பு. மறுத்தால் பட்டினி, மறுத்தால் பழிச்சொல், மறுத்தால் பிறந்த வீட்டுக் கதவும் அடைப்பு என்ற நிலையிலே பிடுங்கப்படுவது மன்னிப்பா? கப்பம்! கப்பத்தை மன்னிப்பென்று கணக்கெழுதலாமா நீதிமன்றம்?

உச்சநீதிமன்றமும் இதை உணர்ந்தது. கொலை முயற்சி வழக்கைச் சமரசம் ஒன்றையே காட்டி முடித்துவிடக்கூடாது. எந்த ஆயுதம், உடலின் எந்த உறுப்பிலே காயம் என்று பார்க்கவேண்டும் என 2014இலும் 2019இலும் கூறியது.

"பொய்ப் புகார் இல்லையா?" என்பார்கள். இருக்கலாம். 7 ஆண்டு வரையிலான தண்டனைக்குரிய குற்றங்களிலே உடனே கைது செய்துவிடக்கூடாது என்று 2014இல் அந்த நீதிமன்றமே நெறி வகுத்தது. சரியே! ஆராயட்டும், மருத்துவச் சான்றை நிறுத்துப் பார்க்கட்டும். நிறுப்பது நீதி, நிறுக்குமுன்பே எடையைத் திருத்துவது அநீதி.

அமெரிக்காவிலே, வீட்டு வன்முறைக்காகத் தடையாணை பெற்றவன் துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 2024இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் வீட்டு ஆயுதமோ, பிழைப்புக்கான கருவி. ஒன்றைப் பறித்தால் கொல்லன் பட்டறையிலே மற்றொன்று கிடைக்கும். ஆயினும் வழியுண்டு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையிலுள்ள குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளின்படி, ஆயுதத்தைக் காவலர் துணையோடு கைப்பற்ற, பாதுகாப்பு அலுவலருக்கு நடுவர் ஆணையிடலாம். அதனினும் மேலாக, அந்த மனிதனையே வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லலாம். வாழ்க்கைப்படி தரச் சொல்லலாம். ஆம்! உலை வைப்பது யார் என்ற தாயின் கேள்விக்கும் அங்கே விடை இருக்கிறது. அவளுக்கு அதைச் சொன்னவர் யார்?

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? 2012இல் மதுரையிலே, குடிவெறியிலே மகளிடமே முறைதவறி நடக்க முயன்ற கணவனைத் தாய் ஒருவர் கிரிக்கெட் மட்டையால் அடித்தார், அவன் இறந்தான். அன்றைய மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், தற்காப்புரிமை கூறும் 100ஆம் பிரிவைச் சுட்டி அவரை விடுவித்தார். துணிவான செயல், பாராட்டினோம். ஆனால் தோழர்களே, ஒரு பெண்ணைக் காக்கச் சட்டத்தின் கடைசிப் பக்கம்தான் திறக்கவேண்டுமா? முதல் பக்கத்தை மூடி வைத்தது யார்?

கூரையிலே இருக்கட்டும் அரிவாள், கதிர் அறுக்கட்டும். அது அவள்மீது ஓங்கப்படும் நாளிலே, அதன் பெயரை மாற்றாமல் எழுதுங்கள். அரிவாளை அரிவாள் என்று எழுதும் துணிவு நமக்கு வரட்டும். அங்கே தொடங்கும் அவளுக்கான நீதி!