யாருக்கு நல்ல மட்டை?

பிளேட்டோவின் ‘ஹிப்பியாஸ் மேஜர்’ உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு குறும்புக் கேள்வி கேட்கிறார். பானையில் கொதிக்கும் பயற்றுக் கூழைக் கிண்டுவதற்கு எது பொருத்தம், பொன் அகப்பையா, அத்திமர அகப்பையா? மர அகப்பைதான் என்று எதிராளி ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது. அது பானையை உடைக்காது, கூழுக்கு மணமும் சேர்க்கும். இடைநிலை ஆட்டக்காரர் ஒருவர் விலை குறைந்த டென்னிஸ் மட்டையைக் கையிலெடுத்து “இது நல்லதா?” என்று கேட்கும்போதும் எழுவது இதே கேள்விதான். ஒரு கருவியின் நன்மை கருவிக்குள் இருக்கிறதா, பிடிக்கும் கையில் இருக்கிறதா? இரண்டுக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கிறது என்பது என் வாதம். கற்றுக்கொண்டிருப்பவருக்கு அந்த உறவை அளக்கத் தனி அளவுகோலும் உண்டு: அவர் அடித்தது சரியா தவறா என்பதை மறைக்காமல் சொல்லும் மட்டையே அவருக்கு நல்ல மட்டை.

முதலில் விலை எதை வாங்கித் தருகிறது என்று பார்க்கலாம். மிக மலிவான அலுமினிய மட்டைக்கும் கிராஃபைட் மட்டைக்கும் உள்ள வேறுபாடு உண்மையானது. கிராஃபைட் அதே எடையில் கூடுதல் விறைப்பைத் தரும். வேகமாக வரும் பந்துக்கு வளைந்துகொடுக்காது. முழு வீச்சில் அடிக்கத் தொடங்கிவிட்ட இடைநிலை ஆட்டக்காரர் இந்த ஒரு படியை ஏறித்தான் ஆகவேண்டும். அதற்கு மேல் விலைக்கும் தரத்துக்குமான தொடர்பு மெலிந்துவிடுகிறது. புதிய மாடல் கடைக்கு வந்ததும் பழையதன் விலை இறங்கும். அதன் இயற்பியல் இறங்குவதில்லை. தொழில்முறை வீரர்கள் பலர் தங்களுக்குப் பழகிய பழைய ஃபிரேமுக்குப் புதிய மாடலின் வண்ணத்தைப் பூசிக்கொண்டு ஆடுவது டென்னிஸ் உலகம் அறிந்த செய்திதான். மேலும், பந்தைத் தொடுவது ஃபிரேம் அல்ல, நரம்பு. விறைப்பான பாலியஸ்டர் நரம்பை எடுத்துவிட்டு மென்மையான நைலானைச் சற்றுத் தளர்வாகக் கட்டினால் அதே மட்டை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதற்கு ஆகும் செலவு புது மட்டை விலையில் சிறு பங்குதான்.

நன்மை உறவில்தான் இருக்கிறது என்றால் அவரவருக்குப் பிடித்ததே நல்லது என்று ஆகிவிடாதா? ஆகாது. அரிஸ்டாட்டில் தம் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் மைலோ என்ற மல்யுத்த வீரனைச் சுட்டுகிறார். ஒரே அளவு உணவு மைலோவுக்குப் போதாது, பயிற்சியைத் தொடங்குபவனுக்கு மிகையாகிவிடும். அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆனால் அதை ஆளின் விருப்பம் முடிவு செய்வதில்லை. மட்டைக்கும் இது பொருந்தும். ஹெட் நிறுவனத்தின் ‘டிஐ.எஸ்6’ மட்டைக்கு 115 சதுர அங்குலத் தலை, நரம்பு கட்டாத எடை சுமார் 225 கிராம். குறுகிய, மெதுவான வீச்சு உள்ளவருக்குப் பந்தை வலைக்கு அப்பால் சேர்க்க அது பெரிய துணை. அதையே முழு வீச்சுக்காரர் எடுத்தால் எதிராளியின் வேகப் பந்து இலகுவான மட்டையைப் பின்னுக்குத் தள்ளும். தன் வேகத்தில் அடித்த பந்து கோட்டைத் தாண்டிப் போகும். பபோலா நிறுவனத்தின் ‘ப்யூர் டிரைவ்’ போல 100 சதுர அங்குலமும் 300 கிராமும் கொண்ட மட்டை அவருக்குப் பொருந்தும். இங்கே தீர்ப்புச் சொல்வது ரசனையல்ல, நிறையும் வேகமும்.

அப்படியானால் ஆட்டத்தில் கரைகண்டவரே தேர்ந்து கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். ‘குடியரசு’ நூலின் பத்தாம் பகுதியில் பிளேட்டோவும், குழல் செய்பவன் குழல் ஊதுபவனிடம் கேட்டுத்தான் செய்யவேண்டும் என்கிறார். கருவியைப் பற்றிய அறிவு அதைப் பயன்படுத்துபவனிடம் இருக்கிறது. ஆனால் எந்தப் பயனர்? பீட் சாம்ப்ரஸ் 85 சதுர அங்குல மட்டையோடு 14 கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றார். பந்தை நரம்புகளின் நடுவில் சந்திக்க அவர் தவறுவது அபூர்வம். ஆகவே தவறும்போது மட்டை எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்குப் பெரிய கவலை அல்ல. இடைநிலை ஆட்டக்காரருக்கோ அதுதான் பாதி ஆட்டம். இதை உள்ளிருந்து அறிந்தவர் ஹோவர்ட் ஹெட். பனிச்சறுக்குப் பலகைகள் செய்து பெயர் பெற்ற அவர், டென்னிஸில் சுமாரான ஆட்டக்காரர். நடுவிலிருந்து விலகிப் பந்து பட்டால் மட்டை கைக்குள் திருகிக்கொள்வதைக் கவனித்துத் தலையை அகலமாக்கினார். நடு அச்சிலிருந்து எடை விலக விலக, திருகலை எதிர்க்கும் திறன் அந்தத் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அப்படி உருவான 110 சதுர அங்குல பிரின்ஸ் மட்டை 1976இல் சந்தைக்கு வந்தது. இரண்டே ஆண்டில், 1978 அமெரிக்க ஓப்பனில், 16 வயது பாம் ஷ்ரைவர் அந்த மட்டையோடு இறுதிப் போட்டிவரை சென்றார். வல்லவர்கள் கேட்கத் தோன்றாத கேள்வியைச் சுமாரானவர் கேட்டார். அதன் பலன் வல்லவர்களுக்கும் கிடைத்தது.

இங்கே வலுவான ஒரு மறுப்பு வரும். தவற்றை மறைக்காமல் சொல்வதுதான் நன்மை என்றால், பழைய மர மட்டை அல்லவா மிக நல்ல மட்டை? 65 முதல் 70 சதுர அங்குலமே உள்ள அந்தத் தலை எந்தப் பிழையையும் மன்னிக்காது. ஆனால் தண்டனை வேறு, தகவல் வேறு. பத்து அடியில் எட்டு அடி திருகிப் போனால், எது சிறு பிழை, எது பெரும் பிழை என்று ஆட்டக்காரருக்குப் பிரித்தறிய முடியாது. எல்லா அடியும் வெற்றியாகும் மட்டையிலும் இதே குருட்டுத்தனம் உண்டு. 1977இல் இரட்டை நரம்புப் பின்னல் கொண்ட ‘ஸ்பகெட்டி’ மட்டையோடு இலியே நஸ்தாசே ஆடியபோது, பந்து எடுத்த விபரீதச் சுழற்சியை ஏற்க மறுத்து, அவரை எதிர்த்து ஆடிய கியர்மோ விலாஸ் ஆட்டத்தைவிட்டே வெளியேறினார். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அத்தகைய மட்டையைத் தடை செய்தது. வீச்சுக்குச் சேரவேண்டிய பெருமையை நரம்புப் பின்னல் எடுத்துக்கொண்டதே அங்கே சிக்கல். இந்த இரு முனைகளுக்கும் நடுவில்தான் உண்மை சொல்லும் மட்டை இருக்கிறது: சிறு பிழையில் பந்து சற்றுக் குட்டையாக விழும், பெரும் பிழையில் வெளியே போகும், சரியான அடியில் கை அதிர்வை உணராது. பந்து நரம்பில் தங்குவது ஏறக்குறைய 5 மில்லி செகண்டு மட்டுமே. கை உணர்வதற்குள் பந்து போய்விட்டிருக்கும். ஆக, மட்டை தரும் உணர்வு இந்த அடிக்கு உதவாது. அடுத்த அடிக்கான பாடம் அது.

‘இன்றைய கைக்கு வாங்கினால் நாளை சிறிதாகிவிடும், வளரப்போகிறவர் வளர்ந்த நிலைக்கே வாங்கட்டும்’ என்ற யோசனையும் உண்டு. கருவி ஆளையும் மாற்றும் என்ற உண்மை இதில் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கனமான, சிறுதலை மட்டையைத் தூக்க முடியாமல் வீச்சைச் சுருக்கிக்கொள்பவர், அந்த நாளையை நோக்கி நகர்வதே இல்லை. மாற்றம் இன்றைய வீச்சில்தான் தொடங்கமுடியும். ஆகவே மலிவான மட்டையை மதிப்பிடும்போது அது எந்தச் சாம்பியனின் மட்டையை ஒத்திருக்கிறது என்று கேட்பது வீண். முழு வீச்சைத் தாங்குகிறதா, மூன்றாம் செட்டிலும் தோள் அதைத் தூக்குமா, நல்ல அடிக்கும் மோசமான அடிக்கும் வேறுபாடு கையில் தெரிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது அவருக்கு நல்ல மட்டை. ‘இந்த விலைக்கு நல்லது’ என்ற சலுகைச் சொல் அதற்குத் தேவையில்லை.