பிடித்தவர் ஆளலாமா?

2018 சூன் 19 அன்று பா.ச.க. ஆதரவை விலக்கிக்கொண்டது. ஜம்மு காஷ்மீரில் மெகபூபா முப்தி ஆட்சி கவிழ்ந்தது. மறுநாளே ஆளுநர் ஆட்சி. ஆளுநர் வோராவுக்கு ஆலோசகர்களாக இரண்டு பேரை அறிவித்தார்கள். ஒருவர் அம்மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்த பி.பி. வியாஸ். இன்னொருவர் கே. விஜயகுமார். இவருக்கு நம் பத்திரிகைகள் எந்த அடைமொழி போட்டன என்று சொல்ல வேண்டியதில்லை. ‘வீரப்பனைப் பிடித்தவர்’. பிடிக்கவில்லை, சுட்டார்கள். ஆனாலும் சத்தியமங்கலத்திலும் கோபியிலும் டீக்கடைப் பேச்சில் அது ‘பிடித்தது’ தான். நம்ம ஊர்க் காட்டில் வேலை பார்த்த ஆபீசர் காஷ்மீரையே ஆளப் போய்விட்டார் என்று கொஞ்சம் பெருமை கூட இருந்தது.

அந்தப் பெருமையைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

அவருடைய உத்தியோக வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்ததே. 1975ஆம் வருசத்து ஐ.பி.எஸ்., தமிழ்நாட்டுப் பிரிவு. எல்லைப் பாதுகாப்புப் படையில் காஷ்மீரில் இருந்தார். சென்னை மாநகரக் கமிஷனராக இருந்தார். அதிரடிப்படைத் தலைவராக இருக்கும்போது, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கதை முடிந்தது. பிறகு ஐதராபாத் போலீஸ் அகாதமி இயக்குநர். தண்டேவாடாவில் 76 பேர் செத்த 2010ஆம் வருசத்திலேயே மத்திய ரிசர்வ் போலீசுக்குத் தலைவர். பிறகு உள்துறை அமைச்சகத்தில் பாதுகாப்பு ஆலோசகர். அதன் பிறகுதான் ஸ்ரீநகர்.

‘ஆலோசகர்’ என்பது ஏமாற்றுகிற சொல். யோசனை சொல்லிவிட்டு ஒதுங்கி உட்காருகிற ஆள் என்று நினைக்கத் தோன்றும். அப்படியல்ல. ஆளுநர் ஆட்சியில் மந்திரிகள் கிடையாது. மந்திரிகள் பார்த்த துறைகளை ஆலோசகர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுப்பார்கள். போலீஸ் அதிகாரியின் மேசைக்கு அரசு ஆஸ்பத்திரிக் கோப்பும் வரும். ஓட்டுப் போட்டு யாரும் அனுப்பாத, ஓட்டுப் போட்டு யாரும் இறக்க முடியாத மந்திரி. 2019 ஆகஸ்ட் 5 அன்று 370ஆவது பிரிவை முடமாக்கி, தலைவர்களை வீட்டிலேயே பூட்டி, தொலைபேசியை அறுத்துப் போட்ட நாட்களிலும் அவர் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

இதை ராணுவ ஆட்சி என்று சொல்லலாமா? நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு பெயர் இல்லை. நைஜீரியாவில் இருந்தது. 1990களில் அங்கே ராணுவத் தளபதிகள் மாநிலங்களுக்கு நிர்வாகிகளை அனுப்பினார்கள். அவர்களில் போலீஸ் அதிகாரிகளும் உண்டு. பதவியின் பெயரிலேயே ‘ராணுவ நிர்வாகி’ என்று இருந்தது. அவ்வளவு வெளிப்படை. இங்கே பெயர் வேறு. 1990 முதல் காஷ்மீரில் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டம் இருக்கிறது. அதன்படி தில்லி அனுமதி இல்லாமல் ஒரு சிப்பாய் மேல் வழக்கு நடத்த முடியாது. 2001 முதல் அந்த மாநில அரசு அனுமதி கேட்டது 50 வழக்குகளில். 47இல் மறுத்துவிட்டார்கள், மூன்று நிலுவையில் இருக்கின்றன என்று 2018 சனவரி 1 அன்று மாநிலங்களவையில் அரசாங்கமே சொன்னது. ஐம்பதில் ஒன்றுக்குக்கூட அனுமதி இல்லை. இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளட்டும்.

விஜயகுமார் திறமையான அதிகாரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. அப்படிக் கேட்டால் தப்பித்துக்கொள்வது சுலபம். ‘நல்ல ஆபீசருங்க’ என்று நாலு பேர் சொன்னால் கட்டுரையை மூடிவிட வேண்டியதுதான். கேள்வி வேறு. ஒரு சனத்தைச் சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுத் தெரிந்துகொண்ட ஒருவருக்கு, அந்தத் தெரிவே அவர்களை ஆளுகிற தகுதி ஆகுமா?

இதற்குப் பதில் தேடிக் காஷ்மீர் வரை போக வேண்டாம். தாளவாடி, கடம்பூர், பர்கூர், கொளத்தூர், மாதேஸ்வரன் மலை என்று நம் பக்கத்து மலைகளே போதும். 1993 ஏப்ரலில் பாலாறு குண்டுவெடிப்பில் 22 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அந்த மலைகளில் அரசாங்கம் என்றால் அதிரடிப்படை என்று ஆயிற்று. வேறு அரசாங்கம் அங்கே ஏறவில்லை. காட்டுக்குள் போகலாமா கூடாதா என்பதை அவர்கள் சொன்னார்கள். அரிசி கொஞ்சம் கூடுதலாக வாங்கினால் ‘யாருக்குடா இது?’ என்ற கேள்வி வந்தது. வீட்டுக்கு ஒரம்பரை வந்தாலும் கேள்விதான். சோளகர், ஊராளி, மலையடிவாரத்துச் சேரிச் சனம் என்று எல்லோரையும் அவர்களுக்குத் தெரியும். யார் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யார் சொந்தம், எந்தப் பாதை எங்கே போகும் என்று துல்லியமாகத் தெரியும். எந்தத் தாசில்தாருக்கும் அந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தெரிவு முழுக்க ஒரே ஒரு கேள்வியில் முளைத்தது: இவன் அவனுக்குச் சோறு போட்டானா? ஒரு சோளகத்தியின் பிள்ளை ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது அந்தக் கேள்விக்குள் வராது. வரவும் இல்லை.

மாதேஸ்வரன் மலையில் அவர்கள் வைத்திருந்த சித்திரவதைக் கூடத்துக்கு ‘ஒர்க்‌ஷாப்’ என்று பெயர். பெண்களுக்கும் அங்கே மின்சாரம் வைத்தார்கள். தடாவில் பிடித்துப் போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரை மைசூர் தடா நீதிமன்றம் 2001இல் விடுதலை செய்தது. அதற்குள் அவர்கள் வயசில் எட்டு வருசம் போய்விட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மலைச்சனம் இறங்கி வந்து சாட்சி சொன்னார்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ 2004இல் வந்தது. வீரப்பன் செத்ததும் அதே வருசம். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கொடுமைகளில் பெரும்பகுதி நடந்த 90களின் முற்பகுதியில் அதிரடிப்படைக்குத் தலைவர் விஜயகுமார் அல்ல. அதை மறைத்து எழுதினால் நாமும் சந்தேகக் கேசு போடுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. 2004இல் செயலலிதா அரசு அதிரடிப்படைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் 3 லட்சம் ரூபாய், ஒரு வீட்டுமனை, ஒரு படி பதவி உயர்வு என்று அறிவித்தது. வீரப்பன் செத்த சூட்டோடு சூடாக அறிவித்தார்கள். மனித உரிமை ஆணையம், படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் கொடுக்கச் சொன்னது 2007இல். வகுத்துப் பாருங்கள். தலைக்கு 3 லட்சத்துச் சொச்சம். அடித்தவன் படைக்கும் 3 லட்சம், அடிபட்டவனுக்கும் 3 லட்சம்! அரசாங்கத்தின் தராசு எவ்வளவு சமமாக நிற்கிறது! ஒரு தட்டில் மட்டும் வீட்டுமனையும் பதவி உயர்வும் சேர்ந்து கிடக்கிறது. இன்னொரு தட்டில் பத்துப் பன்னிரண்டு வருசக் காத்திருப்பு. முதல் தட்டில் இருந்தது பிறகு தகுதியாக வளர்ந்தது. இரண்டாவது தட்டில் இருந்தது எந்த உத்தியோகத்துக்கும் தகுதி ஆகவில்லை. போலீஸ் கைக்குள் ஆட்சி போனால் என்ன நடக்கும் என்று இந்த நாட்டிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த 89 பேர். அவர்களிடம் யாரும் ஆலோசனை கேட்கவில்லை.

பிடிக்கிற கையும் ஆளுகிற கையும் ஒன்றாக இருக்கக்கூடாது என்பதை நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் நம் பக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டான். 1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலை வாங்கியதும் சேலம், தருமபுரிப் பக்கத்துக்கு வரி வசூலிக்க வந்தவர்கள் ராணுவக்காரர்கள்: கேப்டன் ரீடு, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. மன்றோ பெயரைச் சொன்னால் நம் பாடப்புத்தகங்கள் கும்பிடும். அதே மன்றோவின் யோசனைப்படிதான் 1816இல் வரிவசூலும் போலீசும் மாஜிஸ்திரேட் வேலையும் கலெக்டர் கையில் ஒன்றாகச் சேர்ந்தன. கீழே தாசில்தாரே போலீஸ் தலைவர். விளைவு என்ன? வரி கட்டாதவன் குற்றவாளி, குற்றவாளியை அடிக்கிறவனே வரிக்காரன். விரலைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். லண்டன் வரை நாறிய பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதைக் குழு அறிக்கை கொடுத்தது. இரண்டு அதிகாரமும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் கொடுமைக்கு ஒரு காரணம் என்று தெரிந்து, 1859இல் தனியாகப் போலீஸ் சட்டம் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு நம்மேல் இரக்கம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மனுசனை இப்படி நசுக்கினால் சாம்ராச்சியமே ஆட்டம் கண்டுவிடும் என்று அவன் பயந்தான். பயத்தில் பிறந்தாலும் பாடம் பாடம்தான்.

அம்பேத்கர் இதை இன்னும் ஆழமாகப் பார்த்தார். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியல் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் நிர்வாகத்தின் வடிவத்தை மாற்றியே அந்தச் சட்டத்தைக் கெடுத்துவிட முடியும் என்று எச்சரித்தார். ஆளுநர் ஆட்சி, ஆலோசகர் நியமனம் எல்லாம் சட்டப்படிதான் நடந்தன. யாரும் எதையும் மீறவில்லை. அவர் சொன்னது இதைத்தான். விஜயகுமார் ஒருவர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். உளவுத்துறைத் தலைவர்களாக இருந்த டி.வி. ராஜேஸ்வரும் எம்.கே. நாராயணனும் ஆளுநர்கள் ஆனார்கள். கிரண் பேடி 2016இல் புதுச்சேரிக்கு வந்தார். ஆர்.என். ரவி 2019இல் நாகாலாந்துக்கும் 2021இல் தமிழ்நாட்டுக்கும் வந்தார். காக்கியைக் கழற்றி வைத்த கையோடு ராஜ்பவன் சாவி. ஒரு மாநிலத்துச் சனத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தில்லி நினைக்கிறதோ, அந்தப் பார்வை பழகிய ஆளைத்தான் அது அனுப்பும்.

இங்கே நமக்குள் ஒரு சங்கடம் இருக்கிறது. அதையும் பேசாமல் போனால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

நம் சேரிகளில் ஒவ்வொரு தாயும் ‘எம் பையன் எஸ்.ஐ. ஆகோணும்’ என்கிறாள். அவளைப் பார்த்து ‘அம்மணி, அது ஒடுக்குமுறைக் கருவி’ என்று எந்த நாக்கால் சொல்வது? தோட்டத்துக் கவுண்டர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவன் மகன், அந்தக் கவுண்டரை ஸ்டேசனில் ‘உட்காருங்க’ என்று சொல்கிற இடத்தில் இருந்தால் அது சின்ன விசயமா? தனிக்குவளை வைத்த டீக்கடைக்காரன்மேல் வழக்குப் போட நமக்குப் போலீஸ் வேண்டும். வன்கொடுமைச் சட்டத்தில் டி.எஸ்.பி.தான் விசாரிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. ‘எழுதிக்குடுங்க, பாக்கலாம்’ என்று இழுத்தடிக்கிற ஸ்டேசனில் நம் ஆள் ஒருவன் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தெம்பு! சட்டம் சேரிக்குள்ளே வர வேண்டும் என்று கேட்கிறவர்கள் நாம். போலீசே வேண்டாம் என்று சொல்கிற வசதி நமக்கு இல்லை. அந்த வசதி ஆதிக்க சாதிக்குத்தான். அவனுக்கு ஊர்க்கட்டுப்பாடு போதும்.

ஆனால் சட்டத்தைக் காக்கிற ஒருவன் ஸ்டேசனில் இருக்க வேண்டும் என்பது வேறு. ஊரே ஸ்டேசன் ஆவது வேறு. இந்த வித்தியாசம் கோவைக்காரர்களுக்குத் தெரியும். 1998 பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்த பிறகு, கோட்டைமேட்டைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன. ரொட்டி வாங்கப் போனவனும் விலாசம் சொல்லிவிட்டுத்தான் போனான். பக்கத்துத் தெருவில் நாம் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தோம். அவர்களுக்கு அது ராணுவ ஆட்சி, நமக்கு வெறும் போக்குவரத்து நெரிசல்.

வாச்சாத்திக்கு 1992 சூன் 20 அன்று போனவர்கள் மூன்று துறைக்காரர்கள். வழக்கில் சேர்ந்த 269 பேரில் வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த்துறை 6. வரியும் தடியும் காடும் ஒரே லாரியில் ஏறிப் போயின. 1855 அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது பழைய லாரி. பதினெட்டுப் பெண்களைச் சிதைத்தார்கள். சந்தனக்கட்டை தேடிப் போனதாக அரசாங்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. மலைச்சனம் விடவில்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மிகச்சரியாகப் பன்னிரண்டு வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் பத்துப் பத்து லட்சம், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமே வாங்கு என்றது. அதோடு நிற்கவில்லை. அன்றைக்கு இருந்த மாவட்டக் கலெக்டர், எஸ்.பி., வன அதிகாரி ஆகிய மூன்று பேர்மேலும் கடும் நடவடிக்கை எடு என்று அரசுக்கு உத்தரவு போட்டது. லாரியில் ஏறாமல் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள்மேல் முப்பத்தோரு வருசம் கழித்து ஒரு விரல் நீண்டது.