எதையும் கட்டாத வார்

எம்.வி. அகுஸ்டாவின் சூப்பர்வெலோச்சே மோட்டார்சைக்கிளைப் பார்ப்பவர்கள் முதலில் அதன் வட்ட ஹெட்லைட்டைத்தான் சொல்வார்கள். என் கண் போய் நின்றது டேங்க் மீது. அதன் முதுகில் ஒரு தோல் வார் கிடக்கிறது. பழைய பந்தய வண்டிகளிலும் இப்படி ஒரு வார் உண்டு; அங்கே அதற்கு வேலை இருந்தது. எஞ்சின் அதிர்வில் டேங்க் குலுங்கி விரிசல் விடாமல் அமுக்கிப் பிடிக்க வேண்டும். பழுது பார்க்கும்போது கொக்கியைத் தளர்த்தினால் டேங்க் உடனே கையோடு வர வேண்டும். இன்றைய வண்டியில் அந்த வேலையெல்லாம் போல்ட்டுகளுக்குப் போய்விட்டது. வாரை அறுத்து எறிந்தாலும் டேங்க் இம்மியும் அசையாது.

எதையும் கட்டிப் பிடிக்காத ஒரு வாரை அங்கே ஏன் வைத்தார்கள்? அதைக் கண்டதும் என் மனம் ஏன் இளகியது? இந்த இரண்டு கேள்விகளும் பல நாளாக என்னை விடவில்லை.

அந்த வண்டியின் உள்ளே பழமை என்று எதுவும் இல்லை. 2018-இல் மிலான் கண்காட்சியில் அதை முதன்முதலாக மேடையேற்றினார்கள். 2020-இல் விற்பனைக்கு வந்தது. எலும்பும் சதையும் அதே நிறுவனத்தின் எஃப்3 800 பந்தய ரகத்துடையவை. 798 சிசி, மூன்று சிலிண்டர், 147 குதிரைத் திறன். கிராங்க் ஷாஃப்ட்கூடச் சக்கரங்கள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. வளைவில் வண்டி சட்டென்று சாய்வதற்காகப் பந்தயக்காரர்கள் கண்ட உபாயம் அது. இத்தனைக்கும் மேலே அறுபது எழுபதுகளின் முகம்: உருண்டு திரண்ட முன்கவசம், வட்ட விளக்கு, சிவப்பும் வெள்ளியும். பசுத்தோல் போர்த்திய புலி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பழமொழியில் பசுத்தோல் ஏமாற்றத்தான் இருக்கிறது. இங்கே யாரும் ஏமாறவில்லை. வாங்குகிறவருக்கு உள்ளே இருப்பது என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்தே அந்தத் தோலையும் கேட்கிறார்.

பழைய வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதை யாரும் அழகுக்காக வரையவில்லை என்பதுதான் முதலில் தெரிகிறது. விளக்கின் ஒளியைத் திரட்டி முன்னே அனுப்பும் கிண்ணம் வட்டமானது. அதனால் விளக்கு வட்டம். காற்றுக்குத் தலை கொடுக்காமல் ஓட்டுபவர் குப்புறப் படுக்க வேண்டும். அதனால் டேங்க் நீளம். முறுக்கும்போது ஆள் பின்னால் வழுக்கிவிடக் கூடாது. அதனால் இருக்கையின் பின்னால் ஒரு திமில். ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு தொல்லை இருந்தது, அதைத் தீர்த்த ஒரு கை இருந்தது.

இதை ஒரே நாளில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் 1972 ஏப்ரல் 23-ஐச் சொல்வேன். இத்தாலியின் இமோலா தளத்தில் 200 மைல் பந்தயம். சாலை வண்டிகளை அடிப்படையாகக் கொண்ட பந்தய வண்டிகளுக்கானது. பொலோன்யாவின் போர்கோ பனிகாலேயில் இருக்கும் டுகாட்டி ஆலைக்கு இமோலா கிட்டத்தட்ட சொந்த வாசல். ஆனால் அன்று டுகாட்டியைப் பெரிய வண்டிப் பந்தயத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை. எம்.வி. அகுஸ்டாவோடு நட்சத்திர வீரர் ஜியாகோமோ அகோஸ்தீனி வந்திருந்தார். கூட்டம் அவருக்காகத்தான் வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி. சாதாரண எஞ்சினில் வால்வைத் திறப்பது கேம்; மூடுவது ஸ்பிரிங். எஞ்சின் மிக வேகமாகச் சுழலும்போது ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாமல் வால்வு மிதக்கத் தொடங்கும். தாலியோனி மூடும் வேலையையும் இன்னொரு கேமிடமே கொடுத்தார். டெஸ்மோ என்று இன்றுவரை டுகாட்டிக்காரர்கள் மந்திரம் போலச் சொல்வது இதைத்தான். அந்தக் கேம்களுக்கு ஓட்டம் கொடுத்தது சிலிண்டரின் பக்கவாட்டில் நிமிர்ந்து நின்ற ஒரு தண்டு. அதன் இரண்டு முனையிலும் சாய்வுப் பற்சக்கரங்கள். வண்டியின் வலப்பக்கம் நின்று பார்த்தால், விசை எங்கே பிறந்து எங்கே ஏறுகிறது என்பதை ஒரு சிறுவன்கூட விரலால் தொட்டுக் காட்டிவிடுவான். பழைய வண்டிகளில் எனக்குப் பிடித்தது இதுதான். அவை தம்மை மறைத்துக்கொள்ளவில்லை.

வண்டியை ஓட்ட ஆங்கிலேயர் பால் ஸ்மார்ட்டை அழைத்தார்கள். அவர் அப்போது அமெரிக்காவில் பந்தயத்தில் இருந்தார். தொலைபேசியை எடுத்தது மனைவி மேகி. பந்தய வீரர் பாரி ஷீனின் அக்கா என்பதால் இந்தத் தொழில் அவருக்கு வீட்டு விஷயம். கணவரைக் கேட்காமலே சம்மதம் சொன்னார். வந்து பார்த்த ஸ்மார்ட்டுக்கு வண்டி மிக நீளமாக, மந்தமாகத் தோன்றியது. கடிகாரம் வேறு கதை சொன்னது. சாலை வண்டியின் சட்டத்தையே எடுத்துக் கட்டியதால், நடு ஸ்டாண்டு மாட்டும் காதுகள்கூட அதில் அப்படியே இருந்தன. கண்ணாடியிழையால் செய்த டேங்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் வண்ணம் பூசாமல் விட்டிருந்தார்கள். எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று நிறுத்தத்தில் நிற்பவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வதற்கு.

அன்று அகோஸ்தீனியின் வண்டி பாதியில் நின்றது. கடைசிச் சுற்றுகளில் முன்னே ஓடியவை இரண்டும் டுகாட்டிகள்: ஸ்மார்ட், பக்கத்தில் ப்ரூனோ ஸ்பஜியாரி. முடிவில் ஸ்பஜியாரியின் டேங்கில் பெட்ரோல் வற்றத் தொடங்கி எஞ்சின் இருமியது. ஸ்மார்ட் வென்றார். அந்தப் பட்டையை யாராவது வெறும் அலங்காரம் என்று சொன்னால், இமோலாவின் கடைசிச் சுற்றை நினைவுபடுத்தினால் போதும்.

34 ஆண்டுகள் கழித்து, 2006-இல், டுகாட்டி 'பால் ஸ்மார்ட் 1000' என்ற பெயரில் 2000 வண்டிகள் செய்தது. வரைந்தவர் பியர் டெர்பிளான்ச். கடல்பச்சைச் சட்டம், வெள்ளி வண்ண டேங்க், கம்பிச் சக்கரம், இமோலா வண்டியின் அரைக் கவசம். எஞ்சின் புதியது, 992 சிசி. பக்கவாட்டுத் தண்டு இல்லை. கேம்களை ஓட்டுவது ரப்பர் பெல்ட். ஹேண்டில் தாழ்வானது, நகரத்து நெரிசலில் மணிக்கட்டு கெஞ்சும். அதன் கூடப் பிறந்த, 'ஸ்போர்ட் கிளாசிக்' வரிசையின் மற்ற வண்டிகளை அந்நாளில் பெரும்பாலோர் கண்டுகொள்ளவில்லை. 2010 வாக்கில் தயாரிப்பே நின்றது. நின்ற பிறகுதான் தேடி அலைந்தார்கள், விலை ஏறியது. இருக்கும்போது அருமை தெரியாத குணம் மனிதரிடம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். வண்டிகளிடமும் நாம் அப்படித்தான் நடந்துகொள்கிறோம்.

டெர்பிளான்ச் இதற்கு முன்பே ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தார். 1998-இல் மியூனிக் கண்காட்சியில் அவர் வைத்த எம்.எச்.900இ என்ற வண்டி, மைக் ஹெய்ல்வுட் என்ற வீரரின் நினைவுக்கானது. 2000-ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் இணையம் வழியாக அதை விற்கத் தொடங்கினார்கள். மொத்தம் 2000 வண்டிகள். பார்க்க அற்புதமான வண்டி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஓர் இடம் எனக்கு உறுத்தும். எஞ்சினின் அடிப்பாகத்தைப் பழைய பற்சக்கர எஞ்சினின் வயிறு போலத் தோன்றும்படி மாற்றியிருந்தார்கள். உள்ளே ஓடுவதோ பெல்ட்.

வார் உறுத்தவில்லை, இது ஏன் உறுத்துகிறது? இரண்டுக்கும் வேலை இல்லை, இரண்டும் பழமையைக் காட்டுகின்றன. நெடுநேரம் யோசித்த பிறகு புரிந்தது. அந்த வயிறு தன்னை வேறொன்றாகக் காட்டுகிறது. 'நான் அந்த எஞ்சின்' என்கிறது. வார் அப்படிச் சொல்லவில்லை. அது கண்ணெதிரே சும்மா கிடக்கிறது. தான் எதையும் பிடித்திருப்பதாக அது பாவனை செய்யவில்லை.

எங்கள் ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தோய்த்த நூல், மணிக்கட்டில் ஒரு சுற்று. அந்த நூல் கையை எதனோடும் கட்டவில்லை; ஒரு குழந்தை இழுத்தால் அறுந்துவிடும். ஆனால் கட்டியவர் விழா முடியும்வரை ஊர் எல்லை தாண்ட மாட்டார், நாவைக் கட்டுவார், வாக்கைக் காப்பார். நூல் பிடிப்பது கையை அல்ல, ஆளை. சூப்பர்வெலோச்சேயின் வாரைப் பார்த்து என் மனம் இளகியதற்குக் காரணம் அந்த நூல்தான் என்று நினைக்கிறேன். டேங்கைப் பிடிக்கும் வேலை போய்விட்டது; செய்தவரைப் பிடிக்கும் வேலை மிச்சம் இருக்கிறது. அகோஸ்தீனி ஓட்டிய வண்டியின் முகத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு சோனியாக ஒன்றைச் செய்து விற்க முடியாது. அந்த வட்ட விளக்குக்குப் பின்னால் 147 குதிரைகள் இருந்தே ஆக வேண்டும். வளைவில் வண்டி நம்பிச் சாய வேண்டும். முகம் ஒரு கடன். அதை வாங்கிக்கொண்டவர் இன்றைய காசில்தான் அடைக்க வேண்டும்.

பழமையை விரும்புகிறோம் என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் ஓய்வைத்தான் விரும்புகிறோம் என்று தோன்றுகிறது. முடிந்துபோனது நம்மை எதுவும் கேட்காது என்ற தைரியம். உண்மையில் அது கேட்கிறது. முன்னோர் பெயரைச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொருவரிடமும், அவர்கள் கொடுத்த அளவுக்கு நீ என்ன கொடுக்கிறாய் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவர்கள் யாரும் பழையவர்களாக வாழவில்லை. தாலியோனி 1972-இல் முன்னே மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் போலத் தோன்றுவது எளிது. அவரைப் போலத் துணிவது ஒன்றுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அதற்கு வண்ணமும் வளைவும் ஒரு நினைவூட்டல், அவ்வளவே.

மைக் ஹெய்ல்வுட்டின் கதையை நான் இப்படித்தான் படிக்கிறேன். மோட்டார்சைக்கிளில் ஒன்பது உலகப் பட்டங்கள். ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைப் பந்தயத்தில் 1967 வரை 12 வெற்றிகள். பிறகு கார்ப் பந்தயத்துக்குப் போனார். 1974-இல் ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்கில் ஒரு விபத்து பாதத்தைச் சிதைத்தது. அதன்பின் நொண்டித்தான் நடந்தார். நியூசிலாந்தில் போய்க் குடியிருந்தார். 1978-இல், 38 வயதில், 11 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு அந்தத் தீவுக்குத் திரும்பினார். மான்செஸ்டரில் ஒரு சிறிய வண்டிக் கடை தயார் செய்து கொடுத்த டுகாட்டி 900. தலை நரைக்கத் தொடங்கிய பழைய நாயகன் ஒருமுறை கையசைத்துவிட்டுப் போகட்டும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அந்தத் தீவில் பந்தயம் என்றால் தனித் தளம் கிடையாது. கல் சுவர்களுக்கும் வீட்டு வாசல்களுக்கும் நடுவே ஓடும் ஊர்ச் சாலைதான், ஒரு சுற்று 60 கிலோமீட்டர். 11 ஆண்டில் டயர் மாறியிருந்தது, வேகம் மாறியிருந்தது, போட்டியாளர்கள் மாறியிருந்தார்கள். பெயரை வைத்து ஒரு வளைவைக்கூடத் தாண்ட முடியாது. ஜூன் 3. ஹோண்டாவின் ஃபில் ரீட் அவருக்கு முன்னே புறப்பட்டிருந்தார். ஹெய்ல்வுட் அவரைச் சாலையிலேயே எட்டிப் பிடித்தார். ரீடின் வண்டி பிறகு நின்றுபோனது; டுகாட்டி நிற்கவில்லை. சுற்றுக்குச் சுற்று மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் சராசரி. சிவப்பும் பச்சையும் பூசிய அந்த வண்டி வென்று வந்தது; மறு ஆண்டே அதே வண்ணத்தில் டுகாட்டி நகல் வண்டிகள் செய்து விற்கத் தொடங்கியது. அந்த நகல்களின் நினைவாக வந்ததுதான் எம்.எச்.900இ.

அந்த எஞ்சினில் இருந்தது பெல்ட் அல்ல, தாலியோனியின் தண்டும் சாய்வுப் பற்சக்கரங்களும். ஹெய்ல்வுட் முடிவுக் கோட்டைத் தாண்டி ஆக்சிலேட்டரை விட்ட நேரத்தில், அதன் அடிப் பற்சக்கரம் உடைந்தது என்று வண்டியைத் தயார் செய்தவர் பின்னர் சொல்லியிருக்கிறார்.